பிழையும் பிழைப்பும்

இந்த முறை அரசியல் எழுதவில்லை. கணக்குப் பார்க்கும் ஒரு சிறு நிரல் பற்றி எழுதப் போகிறேன். கணினி என்றதும் பக்கத்தை மூடிவிட எண்ணும் நண்பர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். இந்தக் கதையில் குற்றவாளிகள் ஒரு கமாவும் சில கேள்விக்குறிகளும்தான். அவற்றுக்காகத் தண்டனை அனுபவித்தவளோ ஒரு பெண்பிள்ளை. நடந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. எழுதலாம் என்று அவள் சென்ற மாதம்தான் சம்மதித்தாள். பெயரைப் போட வேண்டாம் என்றாள். போடவில்லை.

கண்டியிலிருந்து வத்துகாமம் வரை ரயிலிலும் போகலாம், பஸ்ஸிலும் போகலாம். அதற்கு மேல் மலை ஏறினால் பன்வில. நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவு. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த இலங்கையின் மத்திய மலைநாட்டில் இந்த மலைத்தொடரும் அடங்கும். உலகத்துக்கு அது மரபுரிமை. எனக்கு அது நான் பிறந்த லயத்தின் பின்பக்கம். பதினேழு வயதில் அங்கிருந்து இறங்கிக் கொழும்பில் ஒரு பத்திரிகையில் ஒப்புநோக்காளராகச் சேர்ந்தேன். பிறர் எழுதியதில் பிழை பார்ப்பதுதான் என் முதல் உத்தியோகம். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, ஓய்வு பெற்ற நிலையில், அதே உத்தியோகத்துக்கு ஊரிலிருந்தே அழைப்பு வந்தது.

பன்விலவுக்கு அண்மையில் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். தேயிலை, மிளகு, கராம்பு, ஏலம் ஆகியவற்றைப் பொதி செய்து விற்கிறார்கள். ஊர்ப் பையன் ஒருவர் கொழும்பில் படித்துக்கொண்டிருந்தபோது, 2009இல், இவர்களுக்கு ஓர் இணையக் கடை அமைத்துக் கொடுத்தார். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த பி.எச்.பி. நிரல் ஒன்றை எடுத்து, வெட்டி ஒட்டித் தமிழாக்கி, ஒரு சிறு வழங்கியில் ஏற்றிவிட்டார். வாடிக்கையாளர் பொருளைத் தெரிவு செய்து கூடையில் இடுவார். நிரல் கூட்டிப் பார்த்துப் பற்றுச்சீட்டை மின்னஞ்சலில் அனுப்பும். அவர் அந்தத் தொகையை வங்கியில் இடுவார். கனடாவிலும் இலண்டனிலும் இருப்போர், கொழும்பில் இருக்கும் உறவினர் முகவரிக்குப் பொதி அனுப்பச் சொல்வார்கள். பெரிய வியாபாரம் அன்று. ஆயினும் லயத்துப் பிள்ளைகள் சிலரின் பாடசாலைச் செலவு அதில்தான் நடந்தது.

அந்தக் கடையில் பொதி கட்டி அனுப்பும் பொறுப்பும் இருப்புப் புத்தகமும் ஒரு பெண்பிள்ளையிடம் இருந்தன. உயர்தரம் வரை படித்தவள். வங்கிக் கணக்கு செயலாளரிடம் இருந்தது. 2023 தொடக்கத்தில் ஆண்டுக் கணக்கு முடித்தபோது செயலாளர் திடுக்கிட்டார். இருப்பிலிருந்து வெளியே போன தேயிலைக்கு உரிய பணம் வங்கிக்கு வரவில்லை. குறைவு 62,307 ரூபா. பற்றுச்சீட்டுகளைப் பார்த்தார். பற்றுச்சீட்டில் உள்ள தொகை அப்படியே வங்கியில் இருந்தது. ஆக, வாடிக்கையாளர் சரியாகக் கட்டியிருக்கிறார்கள், கணினி சரியாகக் கூட்டியிருக்கிறது, பொருள் மட்டும் கூடுதலாகப் போயிருக்கிறது. பொருள் யார் கையில் இருந்தது?

இப்படித்தான் அந்தப் பிள்ளை கள்ளியானாள். யாரும் பொலிசுக்குப் போகவில்லை. யாரும் முகத்துக்கு நேரே சொல்லவும் இல்லை. கூட்டத்தில் அவள் எழுந்தபோது பேச்சு நின்றது. சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு அவள் வரவில்லை. இரண்டு வாரத்தில் ஊர் முழுவதும் தெரிந்திருந்தது. மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஒரு லயத்தில் கதை பரவ எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது.

அவளுடைய தாய் எனக்குத் தூரத்து உறவு. தொலைபேசியில் அழுதார். நான் போனேன்.

செயலாளரும் கெட்டவர் அல்லர். சங்கத்துக்காக உழைத்தவர். "ஐயா, மனுசன் பொய் சொல்வான். கணனி பொய் சொல்லுமா?" என்று கேட்டார். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனை நீளக் கட்டுரை.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் வேலை பார்த்த காலத்தில் பத்திரிகையின் இணையப் பதிப்போடு மல்லுக்கட்டியவன். இந்த வலைப்பதிவையும் இத்தனை காலமாக நானே ஓட்டி வருகிறேன். ஆகவே பி.எச்.பி.யின் திட்டு எனக்குப் பழக்கம். கிறீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லேர்டோர்ப் என்பவர் தம் சொந்த வலைப்பக்கத்துக்காகச் செய்து 1995இல் வெளியிட்ட சிறு கருவி அது. ஹைஃபாவில் படித்த இரு இஸ்ரேலிய மாணவர்கள் அதைத் திருத்தி எழுத, 1998இல் மூன்றாம் பதிப்பு வந்தது. அந்த மாணவர்கள் இரட்டை முக்காற்புள்ளிக்குத் தங்கள் ஹீப்ரூ மொழியில் "பாமாயிம் நெகுடோதாயிம்" என்று பெயர் வைத்து உள்ளே போட்டுவிட்டார்கள். பல ஆண்டுகள் உலகெங்கும் உள்ள நிரலாளர்கள், பிழைச்செய்தியில் அந்தச் சொல்லைக் கண்டு மிரண்டார்கள். உரிமையோடு தாய்மொழியை நுழைத்த அந்த இருவர் மீது எனக்குச் சிறு பொறாமை உண்டு.

பிழை தேடுவதில் நான் அச்சகத்தில் கற்ற விதிகள் நான்கு. பிழைச்செய்தியை முழுவதும் வாசி. அது சொல்லும் வரியோடு நிற்காமல் அதற்கு முந்திய வரியையும் பார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மூலப்பிரதியைத் தொடாதே, படி எடுத்து அதில் திருத்து. பி.எச்.பி.க்கும் இவை அப்படியே பொருந்தும். நாற்பத்தேழாம் வரியில் பிழை என்று அது சொன்னால், நாற்பத்தாறாம் வரியின் முடிவில் அரைப்புள்ளி விடுபட்டிருக்கும். தலைப்புகள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன என்று அது கத்தினால், கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியோ ஒரு வெற்றிடமோ உட்கார்ந்திருக்கும். ஒருங்குறியில் தமிழ் எழுதிச் சேமித்தவர்கள் பலர் இந்தக் கண்ணுக்குத் தெரியாத குறியிடம் அடி வாங்கியவர்களே.

ஆனால் இந்தக் கடையில் பிழைச்செய்தி எதுவுமே இல்லை. பக்கம் அழகாகத் திறந்தது. பொருட்கள் இருந்தன, விலைகள் இருந்தன. எல்லாம் சரியாக இருப்பது போலவே இருந்தது. அதுதான் என்னை உறுத்தியது.

முதலில் காகிதமும் பென்சிலும் எடுத்தேன். தேயிலைப் பொதி ஒன்று 1,450 ரூபா. குறைவு 62,307. அதை 1,450ஆல் வகுத்தேன், மீதி வந்தது. சற்று யோசித்து 1,449ஆல் வகுத்தேன். மீதியின்றி 43 வந்தது. திருடுகிற கை இவ்வளவு ஒழுங்காகத் திருடாது. ஒவ்வொரு பொதியிலும் ஒரு ரூபாவை மட்டும் வங்கியில் விட்டுவிட்டு மிகுதியை எடுக்கும் கள்ளனை நான் எந்தப் பொலிஸ் செய்தியிலும் எழுதியதில்லை.

பிறகு வாடிக்கையாளனாக நானே கடைக்குள் போனேன். ஒரு பொதி தேயிலை, ஒரு பொதி கராம்பு. தேயிலை 1,450. கராம்பு 650. கூட்டுத்தொகை 651 என்று வந்தது. இரண்டு முறை பார்த்தேன். 651தான். அஞ்சற் செலவு 450 சேர, 1,101 ரூபாவுக்குப் பற்றுச்சீட்டு. பார்க்கிற கண்ணுக்கு அது அபத்தமான தொகையே அன்று. அதனால்தான் ஏழு மாதமாக யார் கண்ணிலும் படவில்லை.

நடந்தது இதுதான். தரவுத்தளத்தில் விலை வெறும் எண்ணாக இருந்தது. பக்கத்தில் அழகாகக் காட்டுவதற்காக நிரல் அதற்குக் கமா போட்டது. அதுவரை குற்றமில்லை. ஆனால் கமா போட்ட அந்த எழுத்துத் தொடரையே, பக்கத்தின் மறைவான ஒரு கட்டத்தில் வைத்து, வாடிக்கையாளர் பொத்தானை அழுத்தியதும் திரும்ப வாங்கி, அதையே எண்ணிக்கையால் பெருக்கியது. பி.எச்.பி. ஒரு தொடரை எண்ணாக மாற்றும்போது இடமிருந்து வாசிக்கும். எண்ணல்லாத ஒன்றைக் கண்டதும் நின்றுவிடும். 1 என்று வாசித்தது, கமாவைக் கண்டது, நின்றது. ஆயிரத்து நானூற்று ஐம்பது ஒன்றாகிவிட்டது.

அப்படியானால் 2009இலிருந்து ஏன் இது தெரியவில்லை? தெரிய வழியில்லை. எந்தப் பொதியின் விலையும் ஆயிரத்தைத் தொடவில்லை. தேயிலை நெடுநாளாக 850 ரூபாவில் இருந்தது. கமா இல்லாத எண்ணில் நிற்க இடமில்லை. கூட்டுத்தொகை ஆயிரத்தைத் தாண்டியபோதும் ஒன்றும் நேரவில்லை, ஏனெனில் அதை நிரல் திரும்ப வாசிப்பதில்லை. பிறகு 2022 வந்தது. மார்ச்சில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 சதவீதம். பொதி செய்யும் உறையின் விலையே பன்மடங்கானது. சங்கம் வேறு வழியின்றித் தேயிலையை 1,450 ஆக்கியது. பதின்மூன்று ஆண்டுகள் உறங்கிய பிழை அன்று கண் விழித்தது. நாட்டின் பொருளாதாரம் விழுந்தபோது அந்தத் தூசு ஒரு கமாவாக வந்து பன்விலவில் ஒரு பிள்ளையின் தலையில் படிந்தது.

ஆயிரம் என்ற எண்ணுக்கு எங்கள் மலையில் ஒரு தனி வரலாறு உண்டு. நாட்சம்பளம் ஆயிரம் ரூபா வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர் ஆண்டுக்கணக்காகக் கேட்டு, தெருவில் இருந்து, கடைசியில் 2021 மார்ச்சில்தான் அது வர்த்தமானியில் ஏறியது. இத்தனை பாடுபட்டு எட்டிய ஆயிரத்தை ஒரு நிரல் ஒன்று என்று வாசித்தது. ஜெர்மனியில் இருக்கும் நம்மவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. அங்கே கமாதான் தசமப் புள்ளி. ஒன்றுக்கு அப்பால் இருப்பதெல்லாம் சில்லறை. நம் பழைய கணக்குச் சுவடிகளிலோ ஆயிரத்துக்கென்றே ஓர் எழுத்து இருந்தது: ௲. அதை யாரும் ஒன்று என்று வாசிக்க முடியாது. நான் பழமை பேசவில்லை. அழகுக்காக எழுதும் எண்ணும் கணக்குக்காக எழுதும் எண்ணும் வேறு என்பதை நம் கணக்கர்கள் அறிந்திருந்தார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

இனித்தான் முக்கியமான இடம். பி.எச்.பி. இதை அறியாமல் செய்யவில்லை. எட்டாம் பதிப்பிலிருந்து, இப்படி அரைகுறையாக ஒரு தொடரை எண்ணாக்கிப் பெருக்க நேர்ந்தால் அது எச்சரிக்கை எழுப்பும். "இது எண் அல்லவே" என்ற பொருளில் ஒரு வரி. அந்த வரி எங்கே? 2021இல் வழங்கிக்காரர்கள் பழைய பி.எச்.பி. பதிப்பை நிறுத்திவிட்டார்கள். பழைய கடையோ தரவுத்தளத்தோடு பேசுவதற்குப் பயன்படுத்திய கட்டளைகள், 2015இல் வந்த ஏழாம் பதிப்பிலேயே நீக்கப்பட்டவை. ஆகவே கடை முழுவதும் விழுந்து வெள்ளைப் பக்கமாயிற்று. வெளிநாட்டில் வேலை பார்க்கும் அதே பையன், தம் இரவு நேரத்தில், இலவசமாக, அவசர அவசரமாகப் புதிய கட்டளைகளை மாற்றிக் கொடுத்தார். பக்கத்தின் மேலே சிறு சிறு எச்சரிக்கைகள் வந்துகொண்டிருந்தன. வாடிக்கையாளர் பார்த்தால் அசிங்கம் என்று, பிழைகளைத் திரையில் காட்டும் அமைப்பை அணைத்துவிட்டார். அதில் தவறில்லை, கடை வாசலில் பிழைகளைக் கொட்டி வைக்கக்கூடாது என்பதுதான் பாடமும். ஆனால் திரையில் காட்டாதவற்றை வழங்கி ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே இருந்தது. அந்தப் பிழைப்பதிவேட்டைத் திறந்து பார்க்க ஒருவரும் இல்லை. அப்படி ஒன்று இருப்பதே சங்கத்தில் எவருக்கும் தெரியாது.

நான் அதைத் திறந்தேன். கோப்பின் பெயர், வரி எண், நாள், மணி, நிமிடம். ஒரே எச்சரிக்கை, வரிக்கு வரி. ஒவ்வொரு முறை ஒருவர் தேயிலையைக் கூடையில் இட்டபோதும் அந்த இயந்திரம் "இது எண் அல்லவே" என்று எழுதி வைத்திருந்தது. செயலாளர் கேட்ட கேள்விக்கு விடை அதுதான். கணனி பொய் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நாம்தான் அதன் வாயைக் கட்டிவிட்டு, பிறகு அது பேசாததைச் சாட்சியாக எடுத்துக்கொண்டோம்.

இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. வாடிக்கையாளர் ஒருவருக்குமா இது தெரியவில்லை? கட்டளைகளைப் புரட்டினேன். குறிப்பு எழுதும் கட்டத்தில் மூவர் ஏதோ எழுதியிருந்தார்கள். எழுத்து ஒன்றும் இல்லை. வெறும் கேள்விக்குறிகள், வரிசையாக. பழைய தரவுத்தளம் இலத்தீன் எழுத்துக்காக அமைக்கப்பட்டது. 2021 வரை தமிழ் என்று அறியாமலே அது தமிழைப் பொட்டலமாக வாங்கிப் பொட்டலமாகக் கொடுத்துவந்தது. இணைப்பை ஒருங்குறிக்கு மாற்றிய பிறகு, வருவது தமிழ் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. தன்னிடம் அந்த எழுத்துகள் இல்லை என்பதும் தெரிந்தது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தது. அட்டவணையையும் சேர்த்து மாற்றியிருந்தால் இந்தக் கேடு வந்திராது. கோணல்மாணலான எழுத்தாக வந்திருந்தாலும் மீட்டிருக்கலாம். கேள்விக்குறியான தமிழை எவராலும் மீட்க முடியாது.

கட்டளையில் தொலைபேசி எண் இருந்தது. அழைத்தேன். வெள்ளவத்தையில் வசிக்கும் ஒரு முதிய பெண்மணி எடுத்தார். விசயத்தைச் சொன்னதும் சற்றுக் கோபத்தோடுதான் பேசினார். "நான் அண்டைக்கே எழுதினனான் தம்பி. காசு குறைவாக் கூட்டிக் கிடக்கு, பாருங்கோ எண்டு. ஒருத்தரும் பதில் போடேல்லை. சங்கத்துக்காரர் ஏதோ சலுகை தருகினமாக்கும் எண்டு விட்டிட்டன்."

அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கக்கூடிய சாட்சியம் 2022இலேயே எழுதப்பட்டிருந்தது, தமிழில், தெளிவாக. நம் கடை அதைக் கேள்விக்குறிகளாக்கிப் போட்டது.

இது பன்விலவின் சிறு கதை என்று நினைக்க வேண்டாம். இதையே பேரளவில் பார்க்க விரும்புவோர் பிரித்தானிய அஞ்சலகத்தைப் பார்க்கலாம். அங்கே 1999இலிருந்து ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைப் புஜிட்சு நிறுவனம் அமைத்துக் கொடுத்தது. ஊர்தோறும் சிறு கடையோடு அஞ்சலகம் நடத்தும் உப தபாலதிபர்களின் கணக்கில் பணம் குறைவதாக அது காட்டியது. குறைவைக் கையிலிருந்து கட்டச் சொன்னார்கள். முடியாதவர்களைத் திருடர் என்றார்கள். 2015 வரையான காலத்தில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். அவர்களில் நம் துணைக்கண்டத்து வம்சாவளியினர் பலர். சீமா மிஸ்ரா என்ற பெண்மணி 2010 நவம்பரில், வயிற்றில் பிள்ளையோடு சிறைக்குப் போனார். அவர் நிரபராதி என்று நீதிமன்றம் சொல்ல 2021 ஏப்ரல் ஆயிற்று. அலன் பேட்ஸ் என்ற ஓர் உப தபாலதிபர் விடாமல் போராடி, 2019 டிசம்பரில்தான் அந்த மென்பொருளின் வழுக்களை நீதிமன்றம் ஏற்றது. 2024 மே மாதம் நாடாளுமன்றமே ஒரு சட்டம் இயற்றிப் பழைய தண்டனைகளை ஒட்டுமொத்தமாக நீக்கியது.

இதில் நான் கவனித்த ஒன்று உண்டு. கணினி தரும் ஆவணத்தைச் சாட்சியமாகக் கொண்டுவருவோர், அந்தக் கணினி சரியாக இயங்கியது என்று காட்ட வேண்டும் என இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொன்னது. 1999இல் இயற்றிய வேறொரு சட்டம் அந்தப் பிரிவை நீக்கியது. அதன் பின், கணினி சரியாகவே இயங்கியது என்பதே நீதிமன்றத்தின் அனுமானமாயிற்று. இல்லை என்பவர்தான் காட்ட வேண்டும். "கணனி பொய் சொல்லுமா?" என்று பன்விலவில் நம் செயலாளர் கேட்டதைத்தான் அங்கே சட்டம் வேறு சொற்களில் சொல்லிக்கொண்டிருந்தது.

என் தாய்க்கு எழுத்து வாசனை கிடையாது. தினமும் மாலை கொழுந்து நிறுத்து முடிந்ததும் அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் கோடு போடுவார். ஒரு கிலோவுக்கு ஒன்று என்றல்ல, அவருக்கு மட்டும் புரியும் ஒரு கணக்கு. சாக்குக்கு என்று கழித்தது, தண்ணீருக்கு என்று கழித்தது, முழுப் பேர் விழுந்த நாள், அரைப் பேர் விழுந்த நாள், எல்லாம் அந்தச் சுவரில் இருக்கும். சம்பள நாளில் செக்ரோலில் ஒரு கணக்கு இருக்கும், சுவரில் ஒரு கணக்கு இருக்கும். இரண்டும் வேறானால் செக்ரோல்தான் வெல்லும். ஆனாலும் அவர் கோடு போடுவதை நிறுத்தவில்லை. "அவங்க எழுதினது பிழைன்னு நமக்காவது தெரியணும்ல?" என்பார்.

கவனித்துப் பார்த்தால், செக்ரோலின் பிழை ஒருபோதும் தொழிலாளிக்குச் சாதகமாக விழுந்ததில்லை. இயந்திரத்தின் பிழைக்கு அப்படிப் பட்சபாதம் இல்லை. ஆனால் பிழை நேர்ந்த பின் அதன் பழி யார் மேல் விழுகிறது என்பதில் பட்சபாதம் அப்படியே இருக்கிறது. நிரல் எழுதியவர் மேல் விழவில்லை, வங்கி பார்த்தவர் மேல் விழவில்லை, பொதி கட்டியவள் மேல் விழுந்தது. எவருக்குப் பேசும் இடம் மிகக் குறைவோ, அங்கே போய்த்தான் அது நிற்கிறது.

எனவே என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். உலகெங்கும் தமிழ்ச் சங்கங்களும் கோயில்களும் பாடசாலைகளும் இன்று இப்படிப்பட்ட இலவச நிரல்களில்தான் கடை வைத்திருக்கின்றன, நன்கொடை வாங்குகின்றன. நண்பர் ஒருவர் ஒருமுறை அமைத்துக் கொடுத்தார், அது ஓடிக்கொண்டிருக்கிறது. இலவச நிரலை நான் குறை கூறவில்லை. அது இல்லாவிட்டால் பன்விலவில் கடையே இல்லை. ஆனால் நிரல் இலவசம் என்பதால் கண்காணிப்பும் வேண்டாம் என்றாகிவிடாது. மாதம் ஒரு முறையாவது பிழைப்பதிவேட்டை ஒருவர் திறந்து பார்க்க வேண்டும். விலையைத் தரவுத்தளத்திலிருந்தே எடுத்துக் கணக்கிட வேண்டும். பக்கத்தின் மறைவான கட்டத்தில் விலையை வைப்பது, வாடிக்கையாளரே அதை மாற்றி எழுதிக்கொள்ளவும் வழி திறப்பது. இதைப் பாதுகாப்பு அறிந்தோர் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். பணத்தைச் சதங்களாக, முழு எண்ணாக வைப்பது நல்லது; கமாவெல்லாம் கடைசியில், கண்ணுக்குக் காட்டும்போது மட்டும். விலை மாற்றிய அன்று ஒரு கட்டளையையாவது கையால் கூட்டிப் பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய விதி ஒன்று. கணக்கில் குறைவு வந்தால், மனிதரைச் சந்தேகிக்கும் முன் கணக்கைச் சந்தேகியுங்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள். அவரால் வாசிக்க முடியாவிட்டால் வாசிக்கக்கூடிய ஒருவரை வைத்துக் காட்டுங்கள். அந்தப் பிழைச்செய்திகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அவற்றை ஒன்றொன்றாகத் தமிழில் விளக்கி எழுதுவது நம் இளைஞர்கள் செய்யக்கூடிய பெரும் பணி. ஒரு வரிப் பிழைச்செய்தி புரிந்திருந்தால் ஒரு பிள்ளை ஊரில் தலைகுனிந்திருக்க வேண்டியதில்லை.

நம் மொழியில் பிழை என்ற சொல் விசித்திரமானது. தவறும் பிழை, குற்றமும் பிழை. உயிர் தப்புவதும் பிழைத்தல், வயிற்றுப்பாடும் பிழைப்பு. ஒருவருடைய பிழைப்புக்கும் அவர் மேல் சுமத்தும் பிழைக்கும் இடையே ஓர் எழுத்து, இரண்டு எழுத்துதான் தூரம். பத்திரிகையில் இருந்தபோது, "தவறுக்கு வருந்துகிறோம்" என்று எட்டாம் பக்கத்தின் மூலையில் சிறு எழுத்தில் போடுவோம். செய்தியோ முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்திருக்கும். அந்த வழக்கம் எனக்கு அப்போதே உடன்பாடில்லை.

சங்கத்திலும் அதையே சொன்னேன். அவள் மீது சந்தேகம் எழுந்தது கூட்டத்தில். மன்னிப்பும் கூட்டத்தில்தான் வரவேண்டும். செயலாளர் தயங்கவில்லை. பிழைப்பதிவேட்டை அச்சடித்து மேசையில் வைத்து, எழுந்து நின்று, பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்டார். வாடிக்கையாளர்களுக்கு உண்மையை எழுதினோம். பெரும்பாலோர் மிகுதிப் பணத்தை அனுப்பினார்கள். சிலர் பதில் போடவில்லை. வெளிநாட்டுப் பையன் எல்லாவற்றையும் திருத்திக் கொடுத்துவிட்டு, நெடுநேரம் தொலைபேசியில் பேசாமல் இருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஓர் இரவில் இலவசமாகச் செய்தவர் அவர். ஒருமுறைகூடத் திறந்து பார்க்காதவர்கள் நாம்.

அந்தப் பிள்ளை உடனே வரவில்லை. ஒரு மாதம் கழித்து, ஒரு நிபந்தனையோடு வந்தாள். கணினி எந்தக் கணக்கைச் சொன்னாலும் சரி, ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் தானே ஒரு கொப்பியில் எழுதிக் கூட்டிப் பார்ப்பாள். இரண்டும் ஒத்தால்தான் பொதி வெளியே போகும். கொப்பி அவளிடம்தான் இருக்கும்.

சென்ற மாதம் போயிருந்தபோது அதைப் பார்த்தேன். நாற்பது பக்கக் கொப்பிகள் ஏழு, நூலால் கட்டி அலமாரியில் இருந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட தொகை எதிலும் அவள் கமா போடுவதில்லை.